சீர்த்தட்டும் சக்கரத்துக் கல்லும்

என் மனைவிக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. அப்பா அம்மாவும் காலமாகிவிட்டார்கள். இருப்பது ஒரே அக்காள். ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அந்த அக்காளுக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள, அடிவாரத்தில் படவேடு போகிற வழியில் இருக்கும் எங்கள் வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை. ஆகவே மலையில் அவர்கள் கட்டிய புதுவீட்டுக்குக் கிரகப்பிரவேச நாள் குறித்ததிலிருந்து என் மனைவிக்கு ஒரே நினைப்பு. தாய்வீட்டுச் சீர்த்தட்டைத் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அக்காள் வீட்டு வாசற்படி ஏற வேண்டும்.

அவள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாயங்காலம் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்குவாள். அக்காளுக்குப் பட்டுப்புடவை, மாமாவுக்கு வேட்டி சட்டை, குத்துவிளக்கு, பழம், வெற்றிலை பாக்கு என்று எது மேலே, எது கீழே வர வேண்டும் என அடுக்கிப் பார்ப்பாள். பிடிக்காமல் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்குவாள். "நம்ம வூட்ல இருந்து போற சீருங்க. நாலு பேரு கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்" என்பாள். நான் தலையை ஆட்டுவேன். என் கவனமெல்லாம் கொட்டகையில் நின்ற காரின்மேல் இருந்தது.

பழைய காலத்தில் கலெக்டரும் மந்திரியும் போய்வந்த உருண்டை மூக்குக் கார் அது. கணியம்பாடிப் பக்கம் ஒரு தோப்பில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த நிலையில் பார்த்து, ஆசைப்பட்டு வாங்கினேன். எனக்குத் தொழில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது, கலசப்பாக்கத்தில் கடை. மோட்டார் தெரிந்தவனுக்குக் கார் என்ன பிரமாதம் என்கிற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, கறுப்புப் பெயின்ட் அடித்து, அதை நான் சாலையில் இறக்கியபோது டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகவே டீ வேண்டாத நேரத்திலும் நான் டீ குடிக்கப் போனதுண்டு.

வினை ஒரு பொங்கலுக்கு வந்தது. அக்காள் வீட்டுக்காரர், அதாவது என் சகலை, மலையில் புளியும் சாமையும் வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்கிறவர். புதுக்கார் ஒன்று வாங்கி அதிலேயே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் காரைச் சுற்றி வந்து, குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"வண்டி சூப்பரா கீது சகல. ஆனா பின்னாடி இன்னும் டிரம் பிரேக்கு தானா? மலை எறங்கறப்ப சூடாய்ட்டா நிக்காதே. என்துல நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்கு."

நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. முன் சக்கரங்களுக்கு ஏற்கனவே டிஸ்க் மாற்றியிருந்தது, அதுவும் எனக்கு முன்னால் வைத்திருந்தவர் செய்த வேலை. பின்னாலும் மாற்ற வேண்டும் என்று அதுவரை நான் நினைத்ததுகூட இல்லை. "உங்க வூட்டு கிரகப்பிரவேசத்துக்கு வர்றப்ப பாருங்க, என்துலயும் நாலுக்கும் டிஸ்க்கு இருக்கும்" என்றேன். சகலை அதை அங்கேயே மறந்திருப்பார். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

டிரம் பிரேக் சக்கரத்துக்குள் மறைந்திருப்பது. டிஸ்க் பளபளவென்று வெளியே தெரிகிற வட்டத்தகடு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக்குக் காலிப்பர் என்று பெயர். வேலூரில் பழைய சாமான் கடையில் ஒரு ஜோடிக் காலிப்பர் பொறுக்கினேன். போனில் வீடியோ பார்த்து, அதைத் தாங்க லேத்தில் கொடுத்துப் பிராக்கெட் வெட்டி, நானே மாட்டினேன். டிரம்மைக் கழற்றியபோது அதோடு ஹேண்ட் பிரேக்கும் போயிற்று, ஏனென்றால் அதன் கம்பி டிரம்முக்குள்தான் போய்ச் சேரும். ஹேண்ட் பிரேக்குக்கு இடம் வைத்த காலிப்பரும் அந்தக் கடையில் இருந்தது. பார்வைக்குச் சின்னதாக, அசிங்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பியைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். இதை என் மனைவியிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பிரேக் குழாய்க்குள் எண்ணெய் மட்டும்தான் இருக்க வேண்டும். காற்று புகுந்துவிட்டால் பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்து அப்படியே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்துக் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். இதை ஏர் எடுப்பது என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது ஆள் அவள்தான்.

அங்கன்வாடியிலிருந்து வந்து அவள் கைகால் கழுவுவதற்குள் கூப்பிட்டுவிடுவேன். புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்காருவாள். அவளுக்குக் கால் சரியாக எட்டாது. சீட்டின் நுனிக்கு வந்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இன்னொரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு மிதிப்பாள்.

"மிதி. புடி. வுடாத, வுடாத... இப்ப வுடு. மறுபடி மிதி."

தினமும் சாயங்காலம் இதே பாட்டு. எண்ணெய் வரும், எப்போதாவது ஒரு குமிழி வரும், பெடல் மட்டும் பஞ்சாகவே இருக்கும். பெடலை மிதித்தால் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துப் புது ரப்பர் போட்டேன். ரப்பர் குழாய்களை மாற்றினேன். மூட்டு மூட்டாகக் காகிதம் சுற்றி வைத்து, எங்கேயாவது கசிகிறதா என்று காலையில் எழுந்ததும் போய்ப் பார்த்தேன். காகிதம் காய்ந்தே இருந்தது. கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டும்போதுகூட என் மூளை அந்தப் பெடலிலேயே கிடந்தது. எதிலும் கோளாறு அகப்படாதபோது, அவள் காலில் கண்டுபிடித்தேன்.

"மிதின்னா மிதிக்கணும். சோறு துண்ற இல்ல?"

"முழுசா தாங்க மிதிக்கிறேன்."

"நீ மிதிக்கிற லட்சணம் எனக்கு இங்க தெரியிது. நான் தொறக்கறப்ப காலை வுட்டுர்ற, காத்து மறுபடி உள்ள போவுது. முட்டிலருந்து கைய எடு. காலால மிதி."

பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. அவர்கள் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் முட்டியிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து போய்க் கதவு வழியாகப் பார்த்தேன், அவள் தொடை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தும் நான் நிறுத்தவில்லை. "இன்னும் ஒரு வாட்டி" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சந்தைக்குப் போயிருந்தபோது கோளாறு பிடிபட்டது. சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சலித்துப்போய்ச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஏர் எடுக்கிற திருகு காலிப்பரின் அடியில் இருந்தது. காற்று எப்போதும் மேலே போய்த்தான் தங்கும், திருகும் மேலேதான் இருக்க வேண்டும். இடது பக்கத்துக் காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். அத்தனை நாளும் அடியில் திறந்து நல்ல எண்ணெயை வெளியே விட்டுக்கொண்டிருந்தேன், காற்று மேலே சுகமாக உட்கார்ந்திருந்தது. இதற்கும் அவள் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவள் வருவதற்குள் அவசர அவசரமாக இரண்டையும் மாற்றி மாட்டினேன். கூடையோடு அவள் வாசலில் நுழைந்தபோது நான் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவன் மாதிரி நின்றேன். அன்று சாயங்காலம் சில முறை மிதித்ததுமே பெடல் கெட்டியாக நின்றது. அவளுக்கே காலில் தெரிந்துவிட்டது.

"நின்னுடிச்சிங்க!" என்று சிரித்தாள்.

"இன்னிக்கி தான் ஒழுங்கா மிதிச்ச" என்றேன்.

ஏதோ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அப்படி இல்லை. காலையிலிருந்தே அதைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அன்று எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நானும் வெட்கமில்லாமல் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிரேக் பிடித்தது. ஆனால் ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு இறங்க முடியாது. கியரில் போட்டு நிறுத்தலாமே என்று வண்டி தெரிந்தவர்கள் கேட்பார்கள். அந்தக் கிழட்டுக் கியர் சரிவில் தானாகவே நழுவிக்கொள்ளும். மலைப்பாதையில் லாரி நின்றால் கிளீனர் குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலையை என் வண்டிக்கு என் மனைவி செய்தாள். வீட்டோரம் கிடந்த தட்டையான கருங்கல் ஒன்றைத் தேடி எடுத்துவந்து, அவள் உட்காரும் சீட்டின் கீழே வைத்துக்கொண்டாள். "கல்லு" என்பேன். இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, கையால் காரின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் பெடலிலிருந்து காலை எடுப்பேன்.

"பிரேக்கு தான் சரியாயிடுச்சே, இன்னும் இன்னாத்துக்குங்க கல்லு?" என்று ஒருநாள் கேட்டாள்.

ஹேண்ட் பிரேக்கைக் கழற்றிவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "உள்ள இன்னும் கொஞ்சூண்டு ஏர் நிக்கிது. அப்ப நீ வுட்டு வுட்டு மிதிச்ச இல்ல, அது" என்றேன்.

"அப்படிங்களா" என்றாள். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. கிரகப்பிரவேசத்துக்குப் போகும்போது புடவையில் படக் கூடாது என்று, அந்தக் கல்லை ஒரு பழைய துண்டில் சுற்றி வைத்தாள்.

அன்று விடியும்போதே கிளம்பினோம். போளூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது வெயில் வந்துவிட்டது. அவள் அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். சிவப்புத் துணி மூடிய சீர்த்தட்டு மடியில் இருந்தது. பின் சீட்டில் வைக்கச் சொன்னேன், வளைவில் பழம் உருண்டுவிடும் என்று கேட்கவில்லை. மலை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்து, "பாத்தியா எப்படிப் புடிக்கிது" என்று பெருமையடித்தேன்.

"அக்கா சொல்லிச்சி, நான் எறங்கறப்ப மேளம் அடிப்பாங்களாம்" என்றாள். "வாசல்ல எனக்கு ஆரத்தி எடுத்துட்டு தான் உள்ள கூப்புடுவாங்களாம். நான் பாட்டுக்கு தட்டோட எறங்கிடுவேன். கல்லுக்கு இன்னா பண்றதுங்க?"

"தெரு முனையில சமமா இருக்கும். அங்கயே நிறுத்திட்டு நடந்து போலாம். கல்லே வேணாம்."

அவள் நிம்மதியாக வெளியே பார்த்தாள். ஒரு திருப்பத்தில் சீத்தாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள், வரும்போது வாங்கலாம் என்றாள்.

ஆனால் தெரு முனையில் பந்தல் சாமான் இறக்கிய டெம்போ நின்றது. சகலை தன் வீட்டு வாசலில் நின்றபடி, "மேல வா சகல! வாசல்லயே நிறுத்து!" என்று கையை ஆட்டினார். புதுவீடு ஏற்றமான சந்தில் இருந்தது. கூட்டம் ஒதுங்கி வழிவிட, நான் ஏற்றி வாசலுக்கு நேராக நிறுத்தினேன். மேளம் தொடங்கியது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் முன்னால் வந்தார்கள். அத்தனை பேரும் என் காரையே பார்த்தார்கள். சக்கரத்தின் இடுக்கில் பளபளத்த டிஸ்கை யாரோ கையை நீட்டிக் காட்டியதையும் நான் பார்த்துவிட்டேன்.

அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பெடலில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அவள் தட்டோடு இறங்கி, ஆரத்தியை ஏற்றுக்கொண்டு உள்ளே போயிருப்பாள். அதுவரை எனக்குப் பொறுக்கவில்லை. நானும் இறங்கி, காரின்மேல் கையை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் நிற்க வேண்டும். சகலை வந்து பின்சக்கரத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்.

"கல்லு" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"கல்லு, கல்லு" என்றேன் மறுபடியும், கொட்டகையில் அதட்டுகிற அதே குரலில்.

அவள் மடியிலிருந்த தட்டைச் சீட்டில் வைத்தாள். கீழே குனிந்து கல்லை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆரத்தித் தட்டோடு வந்த பெண்கள், கையில் கல்லோடு இறங்கியவளைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அவள் பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தண்டை குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "டேய், கிளீனர் எறங்குது பார்ரா" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். மேளக்காரர்களும் சிரித்தார்கள். அவள் வழக்கம்போலத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நல்ல நேரம் போவுது, சீரை உள்ள எடுத்தாங்க" என்று உள்ளேயிருந்து ஐயர் குரல் கொடுத்தார். சகலையின் தங்கை சட்டென்று கதவைத் திறந்து, சீட்டிலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள். ஆரத்தி அவளுக்கு முன்னால் சுற்றப்பட்டது. அவள் உதவியாகத்தான் செய்தாள், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவள் அந்த வீட்டுப் பெண். தாய்வீட்டுச் சீர் அவர்கள் கையாலேயே அவர்கள் வீட்டுக்குள் போயிற்று. என் மனைவி மண் ஒட்டிய கையைப் புடவையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழாய் எங்கே என்று யாரையோ கேட்டுக்கொண்டு பக்கச் சந்தில் போனாள்.

என் முகத்தில் ஈயாடவில்லை. காரின்மேல் கை வைத்து நிற்கத்தானே இறங்கினேன், நிற்க முடியவில்லை. டிஸ்கைப் பார்க்க வந்த ஒருவரிடம் ஏதோ உளறிவிட்டுப் பந்தல் மூலைக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

பந்தியில் சகலை ஒவ்வொரு இலையாக விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இன்னா சகல, டிஸ்க்கு போடறேன்னு சொல்லிட்டு எங்க மச்சினிச்சிய கல்லு தூக்க வெச்சிட்டியே" என்றார். அக்கம்பக்கத்து இலைகளில் சிரிப்பு. நான் இலையைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

எதிர் வரிசையில் அக்காளோடு உட்கார்ந்திருந்த என் மனைவி நிமிர்ந்தாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க மாமா. அவரு எல்லாம் கரெக்டா தான் செஞ்சாரு. நான் தான் ஒழுங்கா மிதிக்கல. அதுல உள்ள ஏர் நின்னுப்போச்சு. அதான் கல்லு வெக்க வேண்டியதாப் போச்சு."

சகலை வண்டி தெரிந்தவர். ஏருக்கும், நின்ற வண்டிக்குக் கல் வைப்பதற்கும் சம்பந்தமில்லை, இது ஹேண்ட் பிரேக் விஷயம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல், "இங்க ரசம் கொண்டாப்பா" என்று குரல் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அவர் என்னைக் காப்பாற்றவில்லை. அத்தனை பேர் முன்னால் அவளை ஏமாளியாக்க மனம் வராமல் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்ன பொய்யை உண்மை என்று நம்பி, அதை வைத்தே அவள் எனக்காகப் பரிந்து பேசியதை என்னால் தாங்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பாயசம் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

மத்தியானம் கிளம்பினோம். அக்காள் ஒரு மூட்டை சாமையும் பலாப்பழமும் பின் சீட்டில் ஏற்றிவிட்டு உள்ளே போனாள். நான் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி போய்ச் சக்கரத்திலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு, தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஏறாமல் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அடுத்த வாட்டி ஏர் எடுக்கறப்ப சொல்லுங்க. முதுகுக்குத் தலகாணி வெச்சிக்கினாவது நல்லா மிதிக்கிறேன். இன்னிக்கி மாதிரி இன்னொரு வாட்டி ஆவக் கூடாதுங்க" என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். காலிப்பரை மாற்றி மாட்டியிருந்ததை, அவள் சந்தைக்குப் போன நேரத்தில் சத்தமில்லாமல் சரிசெய்ததை, ஹேண்ட் பிரேக்கை நானே கழற்றி ஆணியில் மாட்டியதை, எல்லாவற்றையும். முன்னது பின்னதாகத்தான் வந்தது.

"அப்போ என் காலு நல்லா தான் இருந்திச்சா?"

"நல்லா தான் இருந்திச்சு."

"அத்தினி நாளும்?"

"ஆமா."

அவள் கையிலிருந்த கல்லைத் தன் சீட்டின்மேல் வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நான் பஸ்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். நான் கூப்பிட்டேன், அவள் திரும்பவில்லை. இறங்கிப் பின்னால் ஓடவும் வழியில்லை, என் கால் பெடலில் இருந்தது.

தனியாக மலை இறங்கினேன். பாதிக்குமேல் வந்தபின் ஒரு வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. காலையில் நாங்கள் ஏறிப்போன பிறகு சாய்ந்த மரம் ஒன்றை ஜேசிபி வைத்து அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, இறங்கி நின்று போனைப் பார்த்தார்கள். நான் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். காலை எடுத்தால் முன்னால் நிற்கிற வேனில் போய் மோதுவேன். கல் பக்கத்து சீட்டில் இருந்தது.

யாரையாவது கூப்பிட்டு அந்தக் கல்லைச் சக்கரத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லியிருக்கலாம். முன்னால் நின்ற வேனின் டிரைவர் பீடி பிடித்துக்கொண்டு என் காரையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "டிஸ்க்கெல்லாம் போட்டு சூப்பரா வெச்சிருக்கீங்க" என்றார். அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது? சிரித்துவைத்தேன். கால் மரத்தது. மரத்த கால் கொஞ்ச நேரத்தில் நடுங்கத் தொடங்கியது. முதலில் கெண்டைக்கால், பிறகு தொடை. என்னையறியாமல் கையால் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான், கொட்டகையில் அவள் இப்படிப் பிடித்தபோது கையை எடுக்கச் சொல்லி அதட்டியது நினைவுக்கு வந்தது. கையை எடுத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை, மறுபடி பிடித்துக்கொண்டேன்.

பின்னால் பஸ் ஒன்று வந்து நின்றது. ஜனங்கள் இறங்கி மரத்தைப் பார்க்க முன்னால் போனார்கள். கண்ணாடியில் அரக்குப் பட்டு தெரிந்தது. அவள் வண்டிகளைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தாள், என் காரருகே வந்ததும் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, பெடலில் இருந்த காலைப் பார்த்தாள். கதவைத் திறந்து கல்லை எடுத்தாள். முன்சக்கரத்தண்டை போய்க் குனிந்தாள். தகரத்தில் இரண்டு தட்டுக் கேட்டது.

ஜன்னல் பக்கம் வந்து, "காலை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். வண்டி லேசாக நகர்ந்து கல்லில் சாய்ந்து நின்றது. என் கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"எனக்கும் வலிச்சிது" என்றாள். சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கே திரும்பிப் போனாள்.

மரத்தை அகற்றிவிட்டார்கள். வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமின. நான் பெடலை மிதித்துக்கொண்டிருக்க, சக்கரத்துக் கல்லை எடுக்க ஓர் ஆள் வேண்டும். வேனில் ஏறப்போன டிரைவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, முன் சக்கரத்துல ஒரு கல்லு கீது. கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

"ஹேண்ட் பிரேக்கு இன்னா ஆச்சுங்க?"

"நான் தாங்க கழட்டிட்டேன். டிஸ்க்கு பாக்க அழகா இருக்கும்னு."

அவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்றிருந்தது. குனிந்து கல்லை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்து கதவைத் திறந்தார். "இங்கயே சீட்டு மேல வெச்சிடட்டா?"

"அங்க வேணாங்க" என்றேன். "அது எங்க வூட்டுக்காரம்மா உக்கார்ற எடம். பின்னாடி போட்டுடுங்க."